வேணுமா, சுத்தட்டா?

பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் நம் வயதுக்காரர்கள் யாரும் உண்மை சொல்வதில்லை. தலையணைக் கனத்தில், பாதியில் நிறுத்திய ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பிடிக்காத புத்தகத்தைக் கேட்டால்தான் ஆள் மாட்டிக்கொள்வார். அதனால்தான், நம் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் ஆளுக்கொரு பிடிக்காத புத்தகத்தைப் பற்றி எழுதி வர வேண்டும் என்று முடிவானபோது நான் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். நீங்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் புத்தக மதிப்புரை என்ற பெயரில் நல்ல மனிதர்கள் பலரை நோகடித்து வருபவளுக்கு இதென்ன பெரிய காரியம் என்று நினைத்திருப்பீர்கள். நாற்பதை நெருங்கி, நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடும் இந்த வயதில் சொல்கிறேன், என் விமர்சன வாழ்க்கை எட்டாம் வகுப்பிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதற்கப்புறம் எல்லாம் இறக்கம்தான்.

அப்போது நாங்கள் வெம்பக்கோட்டை போகிற ரோட்டோரம் குடியிருந்தோம். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, தீபாவளி சீசன். அப்பா லாரி ஓட்டுபவர். ஆடியில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினால் அவர் முகம் ஐப்பசிக்கு மேல்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலைக்குப் போனாள். காலையில் கம்பெனி வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவள் நகக்கண்ணில் மட்டும் மருந்துப்பொடி ஒரு வெள்ளிக்கோடாக மிச்சமிருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளின் அம்மாவுக்கும் அப்படித்தான் என்பதால், அம்மா என்றாலே நகம் மின்னும் என்று நினைத்திருந்தேன்.

வேலை முடிந்து வந்தபின்னும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அம்மா வீட்டில் வெடிக்குழாய் சுற்றுவாள். வீட்டுக்குள் வெடிமருந்து கிடையாது, வெறும் தாள்தான். இரும்புக் கம்பியில் தாளை இறுக்கிச் சுற்றி, ஓரத்தில் மைதாப் பசை தடவி, கம்பியை உருவினால் விரல் நீளத்துக்கு ஒரு குழாய். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள். அந்த நீலப்பச்சை வாடை இன்றைக்கும் ஏதாவது பழைய புத்தகத்தைத் திறந்தால் என் மூக்குக்கு மட்டும் வரும்.

சுற்றுவதற்குத் தாள் வேண்டுமே. ஏஜெண்ட் அண்ணாச்சி மினி வேனில் கொண்டுவந்து மூட்டையாகத் தள்ளிவிட்டுப் போவார். செய்தித்தாள், திருத்திய பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, அட்டை போன நாவல், ஏதோ ஊர் நூலகம் கழித்துக்கட்டிய புத்தகம் என்று எங்கிருந்தெல்லாமோ வரும். எங்கள் தெருவில் நூலகம் கிடையாது. ஆனால் மாதம் ஒரு நூலகம் எங்கள் வீட்டில் வந்து விழுந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள், அதுவும் கோலம் போடுவதுபோல் மெதுவாக. அதனால் ஒவ்வொரு புத்தகத்தையும் கிழிக்குமுன் தலைக்குமேல் தூக்கிக் காட்டி என்னிடம் கேட்பாள்:

"வேணுமா, சுத்தட்டா?"

நான் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு ஒன்று "வேணும்" என்பேன், அல்லது "சுத்து" என்பேன். தீர்ப்பு அன்றே நிறைவேறும். மேல்முறையீடு கிடையாது. இன்றைக்கு நாலு பக்கம் எழுதி, நாலு பேர் மனத்தைக் கெடுத்து, ஒரு புத்தகத்தையும் என்னால் இந்த உலகத்திலிருந்து அகற்ற முடியவில்லை. அன்றைக்கு ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரிகளிடம் அம்மா பெருமையாகச் சொல்வாள். "எம்மக பாத்துச் சொன்னாத்தான் நாஞ் சுத்துவேன். அம்புட்டும் படிச்சிருவா." எனக்குத் தலைகால் புரியாது. அவள் வேலை என்னால் பாதி நேரம் தாமதமானது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

"சுத்து" வாங்கியவை ஏராளம். ஒரு சமையல் புத்தகம் இருந்தது. 'விருந்தினர் திடீரென வந்துவிட்டால் பதற வேண்டாம், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள்' என்று தொடங்கும். எங்கள் வீட்டில் திறந்து பார்க்க இருந்தது பசைச் சட்டி ஒன்றுதான். சுத்து. ஒரு நீதிக்கதைப் புத்தகத்தில், கதை படித்துக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிட்ட ஒரு சிறுமி கடைசிப் பக்கத்தில் திருந்தி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வீட்டைக் கூட்டினாள். அவள் திருந்திய விஷயத்தை ஒரு புத்தகத்தில் போய் எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம். சுத்து. கட்டுரைப் புத்தகம் ஒன்றில் 'பட்டாசு வெடித்து மகிழ்வோம்' என்று ஒரு கட்டுரை, இரண்டு பக்கம் தள்ளி 'பட்டாசின் தீமைகள்' என்று இன்னொன்று. இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு, அப்புறம் சுத்து.

மிகவும் பிடித்திருந்த ஒரு துப்பறியும் நாவலுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதன் கடைசி நாற்பது பக்கத்தை, நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், அம்மா தனியாகக் கிடந்த தாள் என்று நினைத்துச் சுற்றிவிட்டாள். கொலைகாரன் யார் என்பது அவள் கை வழியாகத்தான் போயிருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

இதெல்லாம் உங்களைச் சிரிக்கவைத்து நேரத்தைக் கடத்துவதற்காகச் சொன்னது. நான் மிகவும் வெறுத்த புத்தகம் இவற்றில் இல்லை.

அப்பாவின் தம்பி, சித்தப்பா, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் வெட்டும் பிரிவில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். வந்ததும் "மதினி, சாப்பிட்டீகளா?" என்று அவர் கேட்பதும், "நீங்க மொதல்ல சாப்பிடுங்க தம்பி" என்று அம்மா சொல்வதும் மாறாத சடங்கு. எனக்கு அச்சில் கெட்டுப்போன பட்டாசு லேபிள்களைக் கொண்டுவருவார். நிறம் ஒன்றுக்கொன்று விலகி, உடம்பு ஓரிடத்திலும் பச்சை ஓரிடத்திலுமாக நிற்கும் கிளிகள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கன்னம் உள்ள ராணிகள். என் நோட்டுகளுக்கெல்லாம் அவற்றால்தான் அட்டை. அந்த நோட்டுகளில் ஒன்றாவது இன்று கையில் இருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

அந்தப் புரட்டாசியில் ஒரு ஞாயிறு, மஞ்சள் பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். கெட்டுப்போன லேபிள் தாள்களை ஒரே அளவாக வெட்டி, நூல் போட்டுத் தைத்திருந்தார். முன்பக்கமெல்லாம் கிளி. பின்பக்கத்து வெள்ளையில் இடுக்கி இடுக்கி, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து.

"நாவலு," என்றார். சொன்னபோது அம்மா இருந்த அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டார், பீடி பிடித்து மாட்டிய மாதிரி.

"நீங்களா எழுதுனீக?"

"பெறகு, கிளியா எழுதுச்சு? மதுரையில ஒரு பதிப்பாளர் பாக்கேன்னு சொல்லிருக்காரு. அடுத்த திங்கக்கெழம கொண்டுபோகணும். அதுக்கு முந்தி ஒரு ஆளாச்சும் படிச்சிருக்கணும்ல. நம்ம வீட்டுல படிக்கிற ஆளு நீ ஒருத்திதான்."

"வேற நோட்டுல எழுதி வச்சிருக்கீகளா?"

"கார்பன் வச்சுப் பாத்தேன். இந்தத் தாளு கெட்டி, ஏற மாட்டேங்கு. இது ஒண்ணுதான். பத்திரம்."

ஒருவர் எனக்கு முதன்முதலாக மதிப்புரைக்கு என்று புத்தகம் கொடுத்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் எட்டு அத்தியாயம் முடித்தேன். நன்றாகத்தான் போனது. நம் ஊர்ப் பேச்சு புத்தகத்துக்குள் வருமென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அதில் ஒரு மதினி வருகிறாள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள், வீட்டில் குழாய் சுற்றுகிறாள். அவளுக்கு ஒரு மகள். இரட்டைச் சடை. கிழிந்த புத்தகத்தையெல்லாம் எடுத்து வைத்துப் படிக்கிற பிள்ளை. கண்ணாடி பார்க்கிற மாதிரி இருந்ததால், சிரித்துக்கொண்டே படித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடம் கிடையாது, அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஒன்பதாவது அத்தியாயத்தை எடுத்தேன். அதில் அந்த மதினி கம்பெனியில் நடந்த விபத்தில் செத்துப்போகிறாள். விபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் கொண்டுபோன தூக்குவாளியை யாரோ கொண்டுவந்து வாசலில் வைக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த வரிகள் இவை: 'அம்மா கட்டிக்கொண்டு போன சோறு, அம்மா இல்லாமல் திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. எல்லோரும் வெளியே அழுதுகொண்டிருந்தார்கள். பிள்ளைக்குப் பசித்தது. சாப்பிட்டது.'

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவைக் கொன்றதைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. நான் சாப்பிட்டேனாமே. நானா சாப்பிடுவேன்?

நோட்டைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் இருக்கும், தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் கத்த மாட்டார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். எந்தத் திசையில் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் புகை தென்படவில்லை. தென்படாதது இன்னும் மோசம். தெருவே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. டெலிபோன் இருந்த கடைக்கு ஒருவர் சைக்கிளில் போனார். நானும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயிலில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. உள்ளே போனேன். பானையில் சோறு இருந்தது. தட்டில் போட்டு, மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். நாலாவது வாயோ ஐந்தாவது வாயோ போகும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

மிச்சத்தையும் சாப்பிட்டேன். அதுதான் இன்னும் கேவலம்.

சைக்கிளில் போனவர் திரும்பி வந்து, "கல்குவாரியில வெடி வச்சிருக்கானுக. போங்க, போயி வேலையப் பாருங்க" என்றார். தெரு கலைந்தது. நான் உள்ளே போய், கிளி போட்ட அந்தக் கட்டைத் தூக்கிக் கழிவுத்தாள் குவியலில் எறிந்தேன்.

சாயங்காலம் வேன் வந்தது. அம்மா இறங்கி, "என்னட்டி, வாசல்லயே நிக்க?" என்றாள். நான் அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டேன். ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டுச் சுற்ற உட்கார்ந்தாள். குவியலில் கைவிட்டதும் முதலில் வந்தது அதுதான்.

"ஆத்தி, நல்ல கெட்டித் தாளா இருக்கே." திருப்பிப் பார்த்தாள். "பின்னால எழுத்தாக் கெடக்கு. ஒங்க சித்தப்பா கையெழுத்து மாதிரில்ல சாஞ்சு கெடக்கு?"

படிக்கத் தெரியாதவள், எழுத்தின் சாய்வை வைத்து ஆளைக் கண்டுபிடித்தாள். எனக்கு இதுவரை எந்த எழுத்தாளரையும் அப்படிக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

"ஆமா," என்றேன்.

"வேணுமா, சுத்தட்டா?"

"சுத்து."

"அவுகட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"கேட்டாச்சு. வேணாம்னுட்டாக."

"நெசமாவாட்டி?"

"ஒனக்கு என்ன தெரியும்? நாந்தான படிச்சேன். சுத்துன்னா சுத்து."

சுற்றினாள். அவள் கை அறுக்கும்போது நூல் 'டிக், டிக்' என்று தெறித்தது. நான் எதிரே உட்கார்ந்து கடைசித் தாள் வரைக்கும் பார்த்தேன். ஒன்பதாவது அத்தியாயம் இல்லாமல் போய்விட்டால், அதில் செத்தவள் சாகவில்லை என்றாகும். அப்படி ஒரு கணக்கு அந்த வயதில் எனக்குள் ஓடியது. சாப்பிட்டவளும் சாப்பிடவில்லை என்றாகும் என்ற கணக்கும் அதற்கு அடியில் ஓடியது. நான் நிஜமாகவே காப்பாற்ற நினைத்தது அம்மாவையா, என்னையா என்பதை இத்தனை வருடம் கழித்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சித்தப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். முற்றத்தில் சாக்கை விரித்துக் குழாய்களைக் காயப்போட்டிருந்தது. வெள்ளைக் குழாய்கள், மேலே சாய்ந்த பாதி எழுத்துகள். அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். பிரிக்கப் பார்த்தார். பசை காய்ந்து இறுகியிருந்தது, கிழிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதைப் பிரிக்கவில்லை. என்ன நினைத்தாரோ, சின்னப் பிள்ளைகள் வைக்கிற மாதிரி ஒரு கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். உள்ளே கிளியின் பச்சை தெரிந்திருக்கும்.

"இது யாரு..." என்று மட்டும் கேட்டார்.

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. நான் பசைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாந்தான் தம்பி," என்றாள். "லேபிளுன்னு நெனச்சு சுத்திப்புட்டேன்."

சித்தப்பா கையிலிருந்த குழாயைத் திரும்பச் சாக்கிலேயே வைத்தார். அப்புறம் ரொம்பத் தன்மையாகச் சொன்னார். "நீங்க என்ன மதினி பண்ணுவீக. ஒங்களுக்கு எழுத்தா தெரியும்? இங்கன குடுத்து வச்சது ஏந் தப்பு."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். இருக்காது. உண்மையைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால், அவர் புத்தகத்தில் நீ செத்துப்போயிட்ட, நான் சோறு தின்னேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதுவும் நான் எனக்கு எழுதிக்கொடுத்த நல்ல மதிப்புரைதான். பயம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஏஜெண்ட் அண்ணாச்சி குழாய்களை அள்ளிக்கொண்டு போனார். சித்தப்பா மதுரைக்குப் போகவில்லை. மறுபடி எழுதலாமே என்று கேட்டவர்களிடம், "ஒருக்கா வெடிச்சது மறுக்கா வெடிக்குமா?" என்பார். பிறகு இது எங்கள் குடும்பத்தின் பெரிய நகைச்சுவையாகிவிட்டது. காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது எடுத்துக்கொடுக்க, சித்தப்பாவே சொல்வார். "மத்த எழுத்தாளனுகளுக்கு ஆயிரம் பிரதிகூட விக்கல. எனக்குப் பாருங்க, எங்க மதினி புண்ணியத்துல டெல்லி வரைக்கும் போயி வெடிச்சிருக்கு." பந்தியே சிரிக்கும். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். எழுத்துத் தெரியாத மதினியாக இருபது வருடம் இலை முன்னால் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சில தடவை, மறந்துபோன இடத்தில் நானே எடுத்தும் கொடுத்திருக்கிறேன்.

அம்மா இப்போது விருதுநகரில் என்னோடுதான் இருக்கிறாள். இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைக்காமல் நான் முழித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எதிரே உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீ பொய் சொன்னது அன்னைக்கே தெரியுமே. எதுக்குச் சொன்னன்னுதான் தெரியாது."

"அதுல நீ செத்துப்போயிட்டம்மா."

கடலை உடைத்த கை நின்றது. "செத்தனா? எப்பிடி?"

அழித்துப்போட்ட புத்தகத்தை நான் ஒப்பிக்க வேண்டியதாயிற்று. தொடங்கினால், வரி பிசகாமல் வந்தது. மதிப்புரை எழுதிய புத்தகங்களின் பெயரே எனக்கு மறுமாதம் மறந்துபோகும். இது மட்டும் தூக்குவாளி, வெதுவெதுப்பு, வெளியே அழுகை என்று அப்படியே வந்தது. 'பிள்ளைக்குப் பசித்தது' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"பெறகு? புள்ள சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு."

"அப்பச் சரி," என்றாள். தோலை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த கடலையை எடுத்தாள். அதை உடைக்குமுன் நிமிர்ந்து என்னைக் கேட்டாள்: "நல்லாத்தான எழுதிருக்காக. ஏட்டி, இதையா சுத்தச் சொன்ன?"

எனக்குப் பிடிக்காத மற்ற புத்தகங்கள் எல்லாம் பொய் சொன்னதால் பிடிக்காமல் போனவை. இது ஒன்றுதான், நடக்குமுன்பே என்னைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிட்டது. இந்த மாதத்துக்கு நான் தரும் பதில் இதுதான்.

சித்தப்பா இப்போது கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊரார் எழுதுகிற மனுவையெல்லாம் மிஷினில் வைக்குமுன் ஒரு வரி விடாமல் படித்துவிடுவார், கெட்ட பழக்கம். வாசகர் வட்டத்துக்கு இந்தக் கட்டுரை பதினைந்து பிரதி வேண்டும். அவர் கடையில்தான் எடுக்கப் போகிறேன். வழக்கம்போல "ஒரு பக்கமா, முன்னும் பின்னுமா?" என்று கேட்பார். ஒரு பக்கம் போதும் சித்தப்பா, பின்பக்கம் வெள்ளையா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.